நரிகளின் வீட்டுப் பிள்ளைகள்

இலுப்பைக் காட்டில் நரிகள் ஆண்டன. கழுதைகள் உழைத்தன.

விடியற்காலையில் இலுப்பைப் பூ உதிரும். கழுதைகள் அதை வாயால் பொறுக்கிக் குவிக்கும். வெயில் ஏறியதும் காய வைக்கும். காய்ந்த பூவை முதுகில் சுமந்துகொண்டு கரடி மலைக்குப் போகும். கரடிகளுக்கு இலுப்பைப் பூ என்றால் உயிர். பூவை வாங்கிக்கொண்டு தேனடை கொடுக்கும். தேனை நரிகள் நக்கும். கழுதைகளுக்குச் சருகு கிடைக்கும்.

இத்தனைக்கும் அந்தக் காட்டில் அடிமை என்ற சொல்லே கிடையாது. அதைச் சொல்லக் கூடாது என்று சட்டம் இருந்தது. சொல்லிவிட்ட நரி அன்று முழுவதும் பட்டினி கிடக்க வேண்டும். கழுதைகளை நரிகள் 'வீட்டுப் பிள்ளைகள்' என்றே சொல்லும். செல்லாயி, தங்கம்மா, ராசாத்தி என்று ஆசையாகப் பெயர் வைக்கும்.

குட்டி பிறந்தால் காதுகுத்து நடத்தும். ஒரு நரி தாய்மாமன் முறைக்கு உட்கார்ந்து குட்டியை மடியில் சாய்த்துக்கொள்ளும். மற்ற நரிகள் சுற்றி நின்று குலவை போடும். தாய்மாமன் நரி குட்டியின் இடது காதில் ஒரு துண்டைக் கடித்து எடுத்துவிடும். காதுகுத்து முடிந்தது! அதற்குப் பிறகு அந்தக் குட்டி எங்கே ஓடினாலும், காதைப் பார்த்து எந்த நரியும் பிடித்து வந்துவிடலாம்.

ஆற்றுக்கு வடக்கே இருந்த பெரிய காட்டில் சிங்கம் ராஜா. முன்பு இலுப்பைக் காடும் அதன் ஆட்சியில்தான் இருந்தது. சிங்கம் மிகவும் நல்லது என்று சொல்வதற்கில்லை. காதறுந்த கழுதைகளை அது பல காலம் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்து போயிருக்கிறது. ஒருநாள் மட்டும், "இனிப் பிறக்கும் குட்டிகளின் காதைக் கடிக்காதீர்கள்" என்றது.

"எங்கள் வீட்டு விஷயத்தில் தலையிட நீ யார்?" என்று நரிகள் சீறின. இனித் தாங்கள் தனிக்காடு என்று அறிவித்தன. வன்பல்லன் என்ற நரியைத் தலைவனாக்கின. சண்டை மூண்டது.

முதலில் நரிகள் ஜெயித்தன. அப்புறம் தோற்றன. அப்புறம் தோற்றுக்கொண்டே இருந்தன. ஆற்றின் ஒவ்வொரு துறையாகச் சிங்கத்தின் கைக்குப் போனது.

வன்பல்லன் சபையைக் கூட்டியது. இலுப்பை மரத்தடியில் நரிகள் வட்டமாக உட்கார்ந்தன. பல நரிகளுக்குக் காலிலோ வாலிலோ காயம்.

"கரடிகள் நம் பக்கம் வந்து ஆற்றங்கரையில் நின்றால் போதும், சிங்கம் ஓடிவிடும்!" என்றது வன்பல்லன். "நம் பூவைத் தின்கிற கரடிகள் நமக்காக வராதா?"

"வராது, தலைவரே" என்றது இன்சொல்லன்.

இன்சொல்லன் இனிமையாகப் பேசும் நரி. வெளிக்காடுகளுக்குத் தூது போய்ப் பழக்கம். "கரடிகளின் கொள்கை உங்களுக்குத் தெரியும். இன்னொரு மிருகத்தைக் கட்டி வைத்து வேலை வாங்குகிறவர்களோடு அவை நட்பு வைக்காது" என்றது.

"பூவை மட்டும் தின்னலாமாக்கும்!" என்றது வன்பல்லன்.

"தின்னலாமாம். நட்புதான் கூடாதாம். அதனால் எனக்கு ஒரு வழிதான் தெரிகிறது. கழுதைகளை விட்டுவிடுகிறோம் என்று சொல்ல வேண்டும்."

எல்லா நரிகளும் ஒரே நேரத்தில் கத்தின.

சப்பை என்ற கிழட்டு நரி எழுந்தது. அதற்குப் பல் போய் வெகு காலம் ஆகிவிட்டது. நாக்கு மட்டும் அப்படியே இருந்தது. "அட அறிவுக்கொழுந்தே! நாம் எதற்காகச் சிங்கத்தை விட்டுப் பிரிந்தோம்? கழுதைகளை வைத்துக்கொள்ளத்தானே? கழுதைகளையே விட்டுவிட்டால் பிரிந்திருப்பது எதற்கு? நாளைக்குப் பூவை யார் பொறுக்குவது? நீ பொறுக்குவாயா? எங்கே, குனிந்து காட்டு பார்க்கலாம்!"

நரிகள் சிரித்தன. வன்பல்லன் சிரிக்கவில்லை.

"சிங்கம் ஜெயித்தால் கழுதையும் போகும், காடும் போகும். இன்சொல்லன் சொல்கிறபடி செய்தால் காடாவது நமக்கு மிஞ்சும். எனக்கு மட்டும் ஆசையா என்ன?" என்றது.

வெகுநேரம் வாதாடின. கடைசியில் அரை மனதாக ஒப்புக்கொண்டன. அதற்குப் பிறகுதான் பெரிய சிக்கல் வந்தது. கரடிகளிடம் என்னவென்று சொல்வது?

"நம் அடிமை..." என்று ஓர் இளம் நரி ஆரம்பித்தது.

"டேய்!" என்று சப்பை அதட்டியது. "இன்றைக்கு உனக்கு இரை கிடையாது, போ!"

இளம் நரி எழுந்து போனது. மற்ற நரிகள் யோசித்தன. வீட்டுப் பிள்ளைகளை எப்படி விடுதலை செய்வது? பிள்ளைகளை விடுதலை செய்தால், இதுவரை என்ன செய்து வைத்திருந்தோம் என்று ஆகாதா? கடைசியில் சப்பைதான் ஒரு வழி கண்டுபிடித்தது.

"இப்படிச் சொல்லலாம். எங்கள் வீட்டுப் பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். அவர்களைத் தனிக்குடித்தனம் வைக்க இசைந்திருக்கிறோம்!"

"ஆகா! ஆகா!" என்றன எல்லா நரிகளும். காரியமும் நடக்கும், மானமும் போகாது. இதைப் பற்றிக் கழுதைகளிடம் மூச்சுவிடக் கூடாது என்றும் முடிவு செய்தன. கழுதைகளின் விருப்பத்தைக் கேட்கலாம் என்று எந்த நரியும் சொல்லவில்லை. யாருக்கும் அது தோன்றவே இல்லை.

ஆனால் செல்லாயிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. செல்லாயி நிறைமாதக் கழுதை. கரடி மலைப் பாதை அதற்குத்தான் நன்றாகத் தெரியும். அதனால் இன்சொல்லனைச் சுமந்து போவதற்காக அதை மரத்துக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருந்தன. நின்ற இடத்தில் எல்லாம் காதில் விழுந்தது.

அதற்கு முன்பு செல்லாயி ஐந்து குட்டி போட்டிருந்தது. ஐந்துக்கும் காதுகுத்து நடந்தது. ஒன்றுகூட இப்போது அதன் பக்கத்தில் இல்லை. எங்கே இருக்கின்றன என்றும் தெரியாது.

மலைப்பாதையில் ஏறும்போது செல்லாயி மெதுவாகக் கேட்டது. "சாமி, தனிக்குடித்தனம் போனா காதுகுத்து உண்டா?"

முதுகில் இருந்த இன்சொல்லன் திடுக்கிட்டது. "ஒட்டுக் கேட்டாயா?"

"காது இருக்கே சாமி. ஒண்ணு முழுசாவே இருக்கு."

இன்சொல்லன் பெருமூச்சு விட்டது. அது கெட்ட நரி அல்ல. கழுதைகளை அது அடித்ததே இல்லை. "இந்தத் தூது பலித்தால் உன் குட்டிக்குக் காதுகுத்து இருக்காது. போதுமா? பார்த்து நட, கல் உருளுகிறது" என்றது.

செல்லாயி பார்த்து நடந்தது. வயிறு கனத்தது. மூச்சு வாங்கியது. ஆனாலும் அது வேகமாகவே நடந்தது.

கரடி அரசி பாறை மேல் உட்கார்ந்து இலுப்பைப் பூ தின்றுகொண்டிருந்தது. சுற்றிலும் கரடிகள். இன்சொல்லன் செல்லாயியின் முதுகிலிருந்து இறங்கி வணங்கியது.

"வாரும், வாரும்! உங்கள் பூ இந்த வருஷம் அருமை" என்றது அரசி, வாய் நிறையப் பூவோடு. "வந்த விஷயம் என்ன?"

"அரசியின் நட்பை நாடி வந்தேன். அதற்காக எதையும் விட்டுக்கொடுக்க எங்கள் சபை தயாராக இருக்கிறது."

"நல்லது. எங்கள் கொள்கை தெரியும் இல்லையா? முதலில் ஒரு கேள்வி. உங்கள் காட்டில் அடிமைகள் உண்டா?"

இன்சொல்லனின் உடம்பு முழுவதும் சிலிர்த்தது. பிறந்த நாளிலிருந்து பழகிய பதில் தானாக வாயில் வந்துவிட்டது.

"அரசி! என்ன வார்த்தை சொல்லிவிட்டீர்கள்! எங்கள் காட்டில் அப்படி ஒருவர்கூடக் கிடையாது!"

"ஒருவர்கூடவா?"

"ஒருவர்கூட இல்லை! சத்தியமாக இல்லை! எல்லாரும் எங்கள் வீட்டுப் பிள்ளைகள்!"

அரசி பூ மெல்லுவதை நிறுத்தியது. "அப்படியானால் எதை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தீர்?"

இன்சொல்லனுக்கு அப்போதுதான் உறைத்தது. அது வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. நாக்கு வேறு விதமாகப் பேசிப் பழகவே இல்லை.

"அதாவது... வீட்டுப் பிள்ளைகளை... தனிக்குடித்தனம் வைக்கலாம் என்று..."

கரடிகள் பாறை அதிரச் சிரித்தன. அரசிக்குப் புரை ஏறிவிட்டது.

"என் மூத்தவனைக்கூடப் போன வருஷம் தனிக்குடித்தனம் வைத்தேன்! அதற்காக நான் யாரிடமும் படை கேட்கவில்லையே!"

இன்சொல்லன் சரியான சொல்லைச் சொல்லிவிடப் பார்த்தது. "அடி... அடி..." என்று திணறியது.

"யாரை அடிக்க வேண்டும்?" என்று ஒரு குட்டிக் கரடி கேட்டது. மறுபடியும் சிரிப்பு எழுந்தது.

சிரிப்பு அடங்கியதும் அரசி செல்லாயியைப் பார்த்தது. "நீ சொல்லம்மா. நீ அடிமையா?"

செல்லாயி விழித்தது. "அப்படின்னா என்னங்க?"

எந்தக் கரடியும் இப்போது சிரிக்கவில்லை.

"அந்த வார்த்தைக்கு அர்த்தம் எனக்குத் தெரியாதுங்க" என்றது செல்லாயி. "என் வயித்துல ஒரு குட்டி இருக்கு. அது யாரோடதுன்னு இவங்ககிட்ட கேளுங்க."

அரசி கேட்டது. இன்சொல்லன் யோசிக்காமல், கொஞ்சம் பெருமையோடே சொன்னது. "எங்களுடையதுதான்! எங்கள் வீட்டுக் குட்டி!"

"அதற்குத்தான் அம்மா அந்தப் பெயர்" என்று அரசி செல்லாயியிடம் மெதுவாகச் சொன்னது.

செல்லாயி அந்தச் சொல்லை ஒரு முறை தனக்குள் சொல்லிப் பார்த்தது. அப்புறம் முன்னங்கால்களை மடித்து மண்டியிட்டது. "அப்ப நான் அதுதாங்க. தாயே, என்னை இங்கேயே வெச்சுக்குங்க. பூவெல்லாம் நானே சுத்தம் பண்ணித் தர்றேன். குட்டி மட்டும் இங்கே பிறக்கட்டும்."

அரசி கண்களைத் தாழ்த்திக்கொண்டது. பிறகு இன்சொல்லனைப் பார்த்துப் பேசியது.

"உண்மையைச் சொல்லிவிடுகிறேன். சிங்கம் கடைசித் துறையையும் பிடித்துவிட்டதாம். குரங்குகள் வந்து சொல்லிவிட்டன. போன மழைக்காலத்திலேயே நீர் தூது வந்திருந்தால் நான் யோசித்திருப்பேன். இப்போது தோற்கிறவர்களோடு சேர்ந்துகொண்டு சிங்கத்தைப் பகைக்க எனக்குப் பைத்தியமா?"

"இந்தக் கழுதை?" என்று குட்டிக் கரடி கேட்டது.

"வீட்டுப் பிள்ளை என்று அவரே சொல்லிவிட்டார். அடுத்தவர் வீட்டுப் பிள்ளை விஷயத்தில் வெளியார் தலையிட்டால் நன்றாகவா இருக்கும்?" என்று சொல்லிவிட்டு அரசி மறுபக்கம் திரும்பிக்கொண்டு பூவில் கை வைத்தது.

அது செல்லாயி பொறுக்கிய பூ.

திரும்பும் வழியில் ஒரு புல்வெளி இருந்தது. அது கரடிகளுக்கும் சொந்தமில்லை, நரிகளுக்கும் சொந்தமில்லை. அங்கே செல்லாயி குட்டி போட்டது. குட்டி விழுந்து, எழுந்து, மறுபடியும் விழுந்து, கடைசியில் நான்கு காலில் நின்றது. சாம்பல் நிறம். நீளமாக இரண்டு காதுகள். காற்றடிக்கும் பக்கமெல்லாம் இரண்டும் திரும்பின.

இன்சொல்லன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. குட்டியை அதற்கும் பிடித்துப் போயிருந்தது.

"சாமி, இது யாரோட பூமியும் இல்லை" என்றது செல்லாயி. "நீங்க நடந்தே போயிடுங்க. இங்கிருந்து காடு பக்கம்தான். நாங்க இங்கேயே நின்னுக்கறோம். கழுதை வழியில செத்துப் போச்சுன்னு சொல்லிடுங்க."

"என்னைப் பொய் சொல்லச் சொல்கிறாயா?" இன்சொல்லனுக்கு நிஜமாகவே அதிர்ச்சி. "சபையில் எனக்கு ஒரு பெயர் இருக்கிறது!"

"ஒரே ஒரு பொய், சாமி."

"இதோ பார், செல்லாயி. நான் உங்கள் பக்கம்தான். சபையில் உங்களுக்காக வாதாடியது யார்? நான்தானே?"

"எங்களுக்காகவா வாதாடினீங்க?"

இன்சொல்லன் புல்லைப் பார்த்தது. குட்டியைப் பார்த்தது. ஒரு கணம் அதன் மனம் இளகத்தான் செய்தது. தனியாகத் திரும்பி நடந்தால் போதும். வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. ஆனால் சப்பை என்ன கேலி செய்யும் என்று அதற்கு ஞாபகம் வந்தது. 'தூதும் தோற்றாய், கழுதையையும் தொலைத்தாயா?' என்று கேட்குமே!

"வா, போகலாம்" என்றது. "குட்டிக்காக மெதுவாகவே நடப்போம்."

ஓடிவிடலாமா என்று செல்லாயி நினைத்தது. குட்டியின் கால்கள் இன்னும் ஆடின. இன்சொல்லன் ஓர் ஊளையிட்டால் எல்லைக் காவல் நரிகள் பறந்து வரும். செல்லாயி நடந்தது. குட்டி பின்னால் வந்தது.

சபையில் இன்சொல்லன் நடந்ததைச் சொன்னது. தன் நாக்கு செய்ததை மட்டும் சொல்லவில்லை. கரடிகள் நன்றி கெட்டவை என்றது.

"நான்தான் சொன்னேனே!" என்று சப்பை துள்ளியது. தோற்றுப் போனாலும் தன் பேச்சு ஜெயித்ததில் அதற்குச் சந்தோஷம். "நல்லவேளை! அவசரப்பட்டு ஒன்றும் விடவில்லை. பிள்ளைகள் எல்லாம் வீட்டோடுதான் இருக்கிறார்கள். புதிதாக ஒரு குட்டி வேறு வந்திருக்கிறதாமே! தாய்மாமன் யார்?"

எல்லா நரிகளும் இன்சொல்லனைப் பார்த்தன. வழியெல்லாம் கூட வந்தது அதுதானே!

இன்சொல்லன் மறுக்கவில்லை. வலிக்காமல் செய்வேன் என்று செல்லாயியிடம் தனியாகச் சொன்னது. அப்படிச் செய்ய முடியவில்லை. நரிகள் குலவை போட்டதில் குட்டி கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. செல்லாயிக்கு மட்டும் கேட்டது.

இலுப்பைப் பூ உதிர்ந்து முடிவதற்குள் சிங்கத்தின் படை ஆற்றைக் கடந்துவிட்டது. நரிகள் மூட்டை கட்டின. தெற்கே எங்கேயாவது போய் மறுபடியும் ஆரம்பிக்கலாம் என்றது வன்பல்லன். கழுதைகள் எல்லாவற்றையும் ஓட்டிப் போக நேரமில்லை.

"பெரியதுகளை விடுங்கள்! வழியில் படுத்துவிடும்!" என்று சப்பை கத்தியது. "குட்டிகளை ஓட்டுங்கள்! அதுகளிடம் முழு ஆயுளும் பாக்கி இருக்கிறது!"

செல்லாயி மரத்தில் கட்டிக் கிடந்தது. கயிற்றை இழுத்தது. கடித்தது. கழுத்துத் தோல் உரிந்தது. குட்டி திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனது. அதை ஓட்டிக்கொண்டு போனது இன்சொல்லன்தான். அது அடிக்கவில்லை. "நட, நட, செல்லம்" என்று சொல்லிக்கொண்டே போனது.

மதியம் மழை கொட்டியது. மழை விட்ட பிறகு சிங்கத்தின் தளபதியான சிறுத்தை வந்தது. கயிறுகளைக் கடித்து அறுத்தது.

"கேளுங்கள்! இனி நீங்கள் யாருக்கும் அடிமை இல்லை!" என்று முழங்கியது.

கழுதைகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அந்தச் சொல் அவற்றுக்குத் தெரியாது. செல்லாயிக்கு மட்டும்தான் தெரியும்.

"நம்மளை விட்டுட்டாங்களாம்" என்று அது மற்ற கழுதைகளிடம் சொன்னது. அப்புறம் சிறுத்தையிடம் கேட்டது. "ஐயா, குட்டிகளைத் தெற்கே கொண்டு போயிட்டாங்க. மீட்டுத் தருவீங்களா?"

சிறுத்தை சங்கடப்பட்டது. "எனக்கு இந்தக் காட்டின் எல்லை வரைக்கும்தான் உத்தரவு, அம்மா. தெற்கே நரிகள் நடமாட்டம் அதிகம். உன் காதைப் பார்த்தாலே பிடித்துக் கட்டிவிடுவார்கள். நீ போகாதே. இப்போதுதானே விடுதலை ஆனாய்!"

"தெரியுங்க" என்றது செல்லாயி.

மழை எல்லாக் காலடித் தடங்களையும் அழித்திருந்தது. செல்லாயி மண்ணை முகர்ந்து பார்த்தது. ஒன்றும் தெரியவில்லை. ஆனாலும் தெற்கே நடக்க ஆரம்பித்தது. எல்லை வரைக்கும் சிறுத்தை கூடவே வந்து நின்றுவிட்டது. செல்லாயி நிற்கவில்லை. திரும்பி வரவும் இல்லை.

கொடுமைக்கு அன்பான பெயர் வைத்துப் பழகியவர்களால், தங்களுக்கே தேவை வந்த நாளிலும் அந்தப் பெயரைக் கைவிட முடியாது. அதன் விலையைக் கொடுப்பவர்களும் அவர்கள் அல்ல.